மஞ்சள் நூல் தைத்த சட்டை

பாபநாசத்தில் முழுகி எழுகிறவர்கள் உடுத்திய துணியை ஆற்றிலேயே விட்டுவிட்டுப் போவார்கள். இறந்தவர்களின் துணியையும் அங்கேதான் விடுவார்கள். கல்லிடுக்கில் சிக்கியதை அள்ளுபவர்களிடம் மூட்டையாக வாங்கி, வேகவைத்து, மூன்று அடுக்காக்கிப் பை தைக்கிறேன்.

"செத்தவுக துணியத் தோள்ல மாட்டிக்கிட்டு எவ திரிவா?" என்றாள் அம்மா.

"மூணு தடவ வேக வச்சாச்சும்மா."

"துணிதான வேவும்?"

எங்கள் வீட்டில் கைநாட்டு வைக்காத முதல் ஆள் நான். என் கையெழுத்தை ஒவ்வொரு பையிலும் நூலால் தைத்தேன். ஒரு பையில் மணலை நிரப்பி ஒரு மாதம் உத்தரத்தில் தொங்கவிட்டேன். ஒரு தையல்கூட நெகிழவில்லை. பத்து வருஷம் உழைக்கும் என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன்.

பாளையங்கோட்டையில் ஒரு கண்காட்சி. என் மேசையில் முன்னால் தொங்கியது பச்சைக் கட்டம்போட்ட ஆண் சட்டையில் செய்த பை. சட்டையின் பாக்கெட் கிழிந்து, யாரோ மஞ்சள் நூலால் கைத்தையல் போட்டிருந்தார்கள். அழகாயிருக்கிறதே என்று அதை வெளியே தெரியும்படி வைத்து, அதன்மேலேயே கையெழுத்தையும் தைத்திருந்தேன்.

அம்மா வயதுள்ள ஒரு பெண் வந்து அந்தப் பாக்கெட்டுக்குள் விரல்களை விட்டார். வெளியே எடுக்கவே இல்லை.

"இத எங்கன எடுத்த தாயி?"

சொன்னேன்.

"எங்க வீட்டுக்காரருக்குப் பதினாறாம் நா காரியம் செஞ்ச அன்னைக்கு நாந்தான் விட்டேன். பச்ச நூல் இல்லன்னு இப்படித் தச்சதுக்கு, 'ஏட்டி, என்னய மஞ்சப்பை ஆக்கிட்டியே'ன்னாக." சிரித்தார். பிறகு, "போவட்டும்னுதான விட்டேன். ஏன் திரும்பக் கூட்டியாந்த?" என்றார்.

சும்மாவே எடுத்துக்கொள்ளுங்கள் என்று பையை நீட்டினேன்.

"பை எதுக்கு? அவுக சட்டையப் பிரிச்சுத் தா."

பிளேடால் பிரித்தேன். பிரியக்கூடாது என்று நானே போட்ட மூன்று வரிசைத் தையல். விரலை இரண்டு இடத்தில் கீறிக்கொண்டேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். துணி தனியாக வந்ததும் கையெழுத்தைத் தொட்டார்.

"இது என்னது?"

"எம் பேரு."

"இதையும் எடுத்துரு."

எடுத்தேன். நூல் போன பிறகும் ஊசித் துளைகள் அதே எழுத்தாக நின்றன. அவர் அதைப் பார்த்தார். துணியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார்.

இப்போதும் பை தைக்கிறேன். மூட்டையைப் பிரித்ததும் யாராவது கையால் தைத்த இடம் இருக்கிறதா என்றுதான் முதலில் கண் தேடுகிறது. இருந்தால் வெட்டுவதில்லை, தனியே மடித்து வைக்கிறேன். அலமாரி நிறைந்துவிட்டது. இவற்றை நான் எங்கே கொண்டுபோய் விடுவது? ஆற்றிலிருந்துதானே எடுத்தேன்.