பெயர் மாற்றப்பட்டுள்ளது

செய்தித்தாளில் 'பெயர் மாற்றப்பட்டுள்ளது' என்ற வரியைக் கண்டால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த வரியை ஒருமுறை நானும் என் கையால் எழுதியிருக்கிறேன்.

எண்பத்துநாலாம் ஆண்டு. நான் நெடுந்தீவில் மருத்துவிச்சி. அடி உதை, களவு, அதைவிட மோசமானவற்றுக்கு ஆளானவர்களுக்குத் துணையாகப் பொலிசுக்கும் நீதிமன்றத்துக்கும் போகிறவர்களைப் பழக்கவென்று ஊர்காவற்றுறையில் மூன்று நாள் வகுப்பு வைத்தார்கள். தீவுகளிலிருந்து இருபது பெண்கள் போனோம். எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தியையும் நான் கூட்டிப் போனேன்.

அவளுடைய இடது கை முழங்கைவரை வெந்து தழும்பாகியிருந்தது. சமைக்கும்போது பட்டது என்று ஊருக்குச் சொல்லியிருந்தாள். காணிச் சண்டையில் உலைத்தண்ணீரைத் தூக்கி ஊற்றியது புருஷனின் தமையன் என்பது, மருந்து கட்டிய எனக்கு மட்டும் தெரியும். புருஷன் கப்பலில். தமையனோ அதே வளவில், அடுத்த வீட்டில்.

"பிள்ளையள் ரெண்டையும் யாழ்ப்பாணத்திலை அம்மாட்டை விட்டாப்பிறகு பொலிசிலை சொல்லுறன் அக்கா. அதுவரைக்கும் ஒருத்தருக்கும் வாய் திறக்கப்படாது" என்றாள். நான் ஓம் என்றேன். "நீரும் வாரும், நாளைக்கு நாலு பேருக்கு உதவலாம்" என்று அவளை வள்ளத்தில் ஏற்றியதும் நான்தான். பிள்ளைகளை மாமியாரிடம், அந்த வளவிலேயே விட்டுவிட்டு வந்தாள்.

வகுப்பு நடத்தியவர் மடிப்புக் குலையாத வெள்ளைச் சேட்டுப் போட்ட பட்டணத்து மனிதர். ஆளுக்கொரு உண்மைச் சம்பவம் எழுதி அனுப்புங்கள், பெயரை மாற்றினால் போதும் என்று முன்கூட்டியே கேட்டிருந்தார். நானும் எழுதினேன். பெயரை மாற்றினேன், பெரிய கெட்டிக்காரி! இரண்டாம் நாள் காலை அதை ரோணியோ மெசினில் பிரதி அடித்து எல்லோருக்கும் ஒவ்வொரு தாள் கொடுத்து, சத்தமாக வாசிக்கவும் தொடங்கினார். கப்பலில் வேலை செய்யும் கணவன். இரண்டு பிள்ளைகள். இடது கை. உலைத்தண்ணீர். கணவனின் தமையன்.

ஒருவரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கக்கூடாது என்பது அவ்வளவு பேருக்கும் விளங்கிவிட்டது. எங்கள் ஊரில் பெயர் சொல்லி யார் ஆளைத் தேடுகிறார்கள்? இன்ன கல்வேலிக்குள் இருக்கிறவள், இன்னாரின் மருமகள், கை வெந்தவள். மாற்ற வேண்டியதை எல்லாம் அப்படியே விட்டுவிட்டு, யாருக்கும் தேவைப்படாத பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன். அந்த மனிதருக்கு எங்கள் ஊர் தெரியாது. எனக்குமா தெரியாது? என்னைத்தான் செருப்பால் அடித்திருக்க வேண்டும்.

"இப்ப இதை நடிச்சுப் பாப்பம். பாதிக்கப்பட்ட பொம்பிளையாய் ஆர் வாறியள்?" என்றார் அவர்.

எழும்பியது அவள்தான். சீலைத் தலைப்பால் கையை மூடவுமில்லை.

"நான் உதவி செய்யிற ஆளாய் இருக்கிறன். இந்த அக்கா அந்தப் பொம்பிளையாய் இருக்கட்டும்."

எதிரெதிராக இரண்டு கதிரை போட்டார்கள். அவள் என் முகத்தை நேரே பார்த்தாள்.

"அக்கா, நீங்கள் சொல்லப்போறதை நான் ஆருக்குச் சொல்லலாம், ஆருக்குச் சொல்லக்கூடாது? அதை முதல் சொல்லுங்கோ."

"அருமையான கேள்வி" என்று அந்த மனிதர் அதைக் கரும்பலகையில் எழுதினார். எழுதினார்! சோக்குக் கட்டியைப் பிடுங்கி அவர் முகத்திலேயே எறியலாம் போலிருந்தது.

இடைவேளையில் அவள் தன் பையை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டாள். வகுப்பில் எங்களைத் தவிர இன்னும் மூன்று பேர் நெடுந்தீவுக்காரர். கதை ஊர்போய்த் தமையன் காதில் விழ முன்னம் அவள் பிள்ளைகளிடம் போய்ச் சேர வேண்டும். "நானும் வாறன், நில்லும்" என்று பின்னால் ஓடினேன்.

"வேண்டாம் அக்கா. நீங்கள் எனக்குப் பக்கத்திலை நிண்டால், தெரியாத ஆக்களுக்கும் விளங்கிடும்."

அடுத்த நாளே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணம் போய்விட்டாள். முறைப்பாடு கொடுக்கவேயில்லை. ஊர் முழுக்க அந்தக் கதை தெரிந்த பிறகும் அந்தத் தமையனை ஒருவரும் ஒரு சொல் கேட்கவில்லை.

அவள் வகுப்பை விட்டுப் போன அன்று பின்னேர வகுப்புக்கு 'பாதிக்கப்பட்டவரின் பக்கத்தில் நிற்றல்' என்று தலைப்பு. நான் அங்கேயே இருந்து குறிப்பெடுத்தேன்.