சந்தனம் குடித்த ஹார்டு டிஸ்க்

செஞ்சியில் எனக்கொரு சின்ன போட்டோ ஸ்டுடியோ. கல்யாணம், காதுகுத்து, மேல்மலையனூர் மொட்டை என்று ஊர் முகமெல்லாம் என்னிடம் ஒரே ஒரு ஹார்டு டிஸ்க்கில்தான் இருந்தது. ஆயுத பூஜையன்று என் மனைவி கேமரா, கம்ப்யூட்டர், பிரிண்டர் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாள். டிஸ்க்குக்கும் வைத்தாள், தாராளமாக. ஒயர் சொருகும் ஓட்டைக்குள் சந்தனம் வழிந்து இறங்கியது. மறுநாள் டிஸ்க் எழுந்திருக்கவில்லை.

அரிசி டிரம்மில் புதைத்து வைத்தோம். அது காயும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒருவழியாக உயிர் வந்தது. "அதான் வந்துட்ச்சே, வுடு" என்றாள் மனைவி. நான் விடவில்லை.

கம்ப்யூட்டர் கடைக்குப் போய், வீட்டு நெட்வொர்க்கில் மாட்டுகிற பேக்கப் பெட்டி கேட்டேன். ரெண்டு டிஸ்க் போடுவது. ஒன்றில் ஏறுவது மற்றதிலும் ஏற வேண்டும். எட்டாவதோடு படிப்பை நிறுத்திய நான் இதைக் கேட்டதும் கடைக்காரத் தம்பிக்குச் சிரிப்பு.

"ரெண்டு போட்டாலும் ஒண்ணோட எடந்தாண்ணே கெடைக்கும். வேஸ்ட்டு. ஒத்த டிஸ்க் பெட்டி எடுத்துக்க."

"அந்த ஒண்ணு செத்துட்டா?"

"இன்னாண்ணே, வாங்கும்போதே சாவு பேச்சு? அவ்ளோ பயம்னா நெட்ல ஏத்திடு."

"எங்க தெருவுல நெட் ஒயரு கொரங்கு கையில இருக்குதுப்பா."

பயந்தாங்கொள்ளி என்று ஊரே சொல்லும். சொல்லட்டும். பயப்படாதவர்கள்தான் போனைத் தொலைத்துவிட்டு, "எங்க நைனா படம் உன்னாண்ட இருக்குதா?" என்று என் கடை வாசலில் வந்து நிற்கிறார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்து 'இல்லை' என்று சொல்லும் தைரியம் எனக்கில்லை. அந்தத் தைரியம் எனக்கு வேண்டவும் வேண்டாம்.

ரெண்டு டிஸ்க் பெட்டியைத்தான் வாங்கினேன். வீடே தீப்பிடித்தால் ரெண்டும் சேர்ந்தல்லவா போகும்? புதிதாக இன்னொரு டிஸ்க்கில் நகலெடுத்து, தொண்டூரில் தங்கச்சி வீட்டு பீரோவில், பட்டுப்புடவைக்கு அடியில் வைத்தேன். அவளும் சிரித்தாள்.

அடுத்த ஆயுத பூஜைக்கு மனைவி சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள். பெட்டிக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன்.

"நவுருய்யா. பொட்டு வைக்காட்டி சாமி குத்தமாயிடும்."

"ஆவட்டும். இதும்மேல ஒரு சொட்டு படக்கூடாது."

"மிஷின் ஒண்ண மட்டும் வுட்டுட்டு எப்பிடிய்யா கும்புடறது?"

"அப்ப அதுக்கு வைக்கறத எனக்கு வை."

மூன்று விரலையும் கிண்ணத்தில் தோய்த்து என் நெற்றியில் அப்பினாள். சந்தனம் மூக்கில் வழிந்தது. நான் நகரவில்லை. முதுகுக்குப் பின்னால் பெட்டி உர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது.