முறத்தில் புடைத்த கருங்கல்

சித்தூரிலிருந்து திருப்பதிக்குப் போகும் பஸ் பஞ்சராகி நின்ற இடத்தில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. சாலை போட உடைத்துக் குவித்திருந்த கருங்கல் ஜல்லியில் காக்காப்பொன், அதாவது மைக்கா, மினுக்கிக்கொண்டிருந்தது. முந்தின நாள்தான் படித்திருந்தேன்: காக்காப்பொன்னுக்குள் பொட்டாசியம் உட்காரும் இடத்தில் அமோனியா நைசாக ஏறி உட்கார்ந்துகொள்ளுமாம். அமோனியா என்றாலே அதில் நைட்ரஜன் உண்டு. அப்படியானால் காற்றில் இருக்கும் நைட்ரஜன் இந்த ஜல்லிக்குள்ளும் இருக்க வேண்டுமே. எவ்வளவு? பை நிறையக் கல்லை அள்ளிக்கொண்டு பஸ் ஏறினேன்.

எம்.எஸ்ஸி. கடைசி வருஷம். ப்ரொஃபசர் ஒப்புக்கொண்டார், ஆனால் ஒரு நிபந்தனை. கோடை விடுமுறைக்குள் நம்பக்கூடிய ஓர் அளவைக் காட்ட வேண்டும். இல்லையென்றால் மற்றவர்களைப் போல நானும் உர மூட்டையைச் சோதித்துத்தான் ஆய்வை முடிக்க வேண்டும். எனக்கு உர மூட்டை பிடிக்கவே இல்லை.

கல்லைப் பொடித்தாயிற்று. அதில் காக்காப்பொன்னை மட்டும் பிரிப்பது எப்படி? சித்தூர் வீட்டுக்கு எடுத்துப்போய் அம்மாவின் முறத்தில் போட்டுப் புடைத்தேன். செதில் செதிலாக, உமி போலத் தனியே வந்தது.

“அரிசி பொடைக்கச் சொன்னா கை நோவுது. கல்லுன்னா குந்திக்கினு பொடைக்கிறா பாரு,” என்றாள் அம்மா.

ஆந்திரா–மெட்ராஸ் எல்லைப் பிரிப்புச் செய்தியில் மூழ்கியிருந்த நைனா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார். “அந்தக் கல்லு மெட்ராஸுக்குப் போவுதா, ஆந்திராவுலயே நிக்குதா? அதக் கேட்டியாம்மா?”

“கல்லு இன்னும் வாய் தெறக்கல நைனா,” என்றேன்.

திருப்பதி லேபில், கல்லையே கரைக்கும் அமிலத்தில் அதைக் கரைத்து, காரம் சேர்த்துக் காய்ச்சி வடித்தேன். வடிநீரில் அமோனியா இருந்தால் சோதனைக் கரைசல் பட்டதும் மஞ்சளாகும். அளவு கூடக் கூட நிறமும் ஏறும். என்னுடையது செங்கல் நிறத்துக்கே போய்விட்டது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பக்கத்து மேஜையில் உரம் சோதித்துக்கொண்டிருந்த தோழி எட்டிப் பார்த்தாள்.

“ஏமே, இது கல்லா, எருவா? என் மூட்டையவிட ஜாஸ்தியா இருக்குதே.”

அடுத்த ஞாயிறு வீட்டுக்குப் போனபோது விடை கிடைத்தது. அம்மா முறத்தின் இடுக்குகளை அடைக்க, அரைத்த வெந்தயத்தோடு சாணியைக் குழைத்துப் பூசிக்கொண்டிருந்தாள். பிறந்ததிலிருந்து பார்த்த வேலைதான். நான் அளந்தது மாட்டுச் சாணியை. சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. விஷயத்தைச் சொன்னதும் அம்மா கேட்டாள்: “பசு போட்டதுக்கு நீ பட்டம் வாங்கப் பாத்தியா?”

மறுபடி புதுக் கல். இந்தத் தடவை சாய்த்துப் பிடித்த கண்ணாடித் தகட்டில் பொடியைத் தட்டினேன். மற்ற மணிகள் உருண்டு இறங்கின. செதில்கள் அங்கேயே தங்கின. கழுவி, மூடிய பீங்கான் கிண்ணத்தில் உலர்த்தினேன். ஒப்பிடுவதற்காகக் கல்லே போடாமல் ஒரு தடவை வடித்துவைத்தேன். அது தெளிந்த தண்ணீராகவே நின்றது. கல்லிலிருந்து வந்ததிலோ எலுமிச்சந்தோல் கழுவின தண்ணீர் மாதிரி ஒரு மஞ்சள். திரும்பச் செய்தேன். அதே மஞ்சள். ப்ரொஃபசர் இரண்டு குழாய்களையும் வெள்ளைத் தாளுக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

“சரி, உனக்கு உரம் வேண்டாம்,” என்றார்.

இனி நைனாவுக்கும் ஒரு பதில் சொல்ல வேண்டும். புது எல்லைக் கோட்டுக்கு அந்தப் பக்கம், மெட்ராஸோடு போகிற திருத்தணியில் சித்தி இருக்கிறாள். அங்கே ஒரு கருங்கல், ஆந்திராவிலேயே நிற்கிற குடிபாலா பக்கம் ஒரு கருங்கல். இரண்டையும் ஒரே நாளில் வடித்து, இரண்டு மஞ்சளையும் அருகருகே வைத்துப் பார்க்கப்போகிறேன். சித்திக்குச் சொல்லி அனுப்பியாயிற்று: கல்லை எதில் வேண்டுமானாலும் வை, முறத்தில் மட்டும் வைக்காதே.