மதினி சொன்னது

தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்திருந்த மதினியின் உதடுகள் அசைந்துகொண்டே இருந்ததுதான் இன்னும் கண்ணில் நிற்கிறது. சத்தம் வரவில்லை. கட்டிலைச் சுற்றி நின்றவர்கள், அவள் சாமி பெயரைச் சொல்வதாக நினைத்தார்கள்.

அவள் என் அண்ணன் மனைவி. செல்லூர் விசைத்தறிக் கூடத்துக்கு என்னைக் கூட்டிப்போய் வேலையில் சேர்த்துவிட்டவள். அவள் தறி ஓட்டினாள். நான் ஓரத்தில் உட்கார்ந்து நூல் சுற்றினேன். தறிகள் ஓடும் இரைச்சலில் காதோடு காதாகக் கத்தினாலும் கேட்காது. அதனால் அங்கே யாரும் கத்துவதில்லை. குரலை விட்டுவிட்டு உதட்டை மட்டும் அசைப்போம்; எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்வார். வீட்டுச் சண்டை, முதலாளியைப் பற்றிய கேலி எல்லாம் அவர் முன்னாலேயே அப்படித்தான் ஓடும். வெளியில் நாலு வார்த்தை பேசவே கூசுகிற எனக்கு, அங்கே மட்டும் வாய் ஓயாது. "வீதியில ஊமச்சி, தறிக்குள்ள வாயாடி" என்று மதினி சிரிப்பாள்.

ஆஸ்பத்திரியில் அவள் சொன்னது சாமி பெயர் இல்லை. "போதும். வீட்டுக்குக் கொண்டு போங்க. இங்க கெடந்து சாக மாட்டேன்." இதையேதான் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

கே.கே. நகரில் குடியிருக்கும் அவள் மகன்தான் எல்லாம் பார்த்துக்கொண்டான். குறை சொல்ல முடியாது. லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கிடந்தான். உயிரை இழுத்துப் பிடிக்கலாமே தவிர இனி எழுந்து நடக்க மாட்டார் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அன்று சொந்தக்காரர்கள் முன்னாலேயே நான் அவன் கையைப் பிடித்தேன்.

"அம்மா வீட்டுக்குப் போகணுங்குதுய்யா."

"அத்த, அவுக முருகா முருகான்னு சொல்றாக. நீங்க சும்மா இருங்க."

அவன் மனைவி திருநீற்றை எடுத்து மதினியின் நெற்றியில் பூசிவிட்டாள்.

எல்லோரும் வெளியே போனபின் நானும் சத்தமில்லாமல் சொன்னேன். "சொல்லிட்டேன் மதினி. கேக்க மாட்டேங்கிறாக."

"ஊமச்சி பேசுனா யாரு கேப்பா" என்றாள். உதட்டோரம் லேசாகக் கோணியது. அது சிரிப்பா வலியா, எனக்குத் தெரியவில்லை.

அங்கேயேதான் செத்தாள்.

நான் ஐந்தாவதோடு நின்றவள். படித்தவர்களுக்கு அவள் பேச்சு புரியாததால்தான் இப்படி ஆயிற்று, புரிந்திருந்தால் கொண்டுபோயிருப்பார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். துக்க வீட்டில் அந்தத் தேறுதலும் போயிற்று.

விசாரிக்க வந்த ஒரு கிழவி, "முருகன் பேரச் சொல்லிக்கிட்டே போனாளாமே, நீதான பக்கத்துல இருந்த?" என்று கேட்டாள். பந்தலில் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். ஆண்களோடு நின்ற மகனைப் பார்த்தேன். பால்குடி மறக்காத வயதிலிருந்தே தறிக்குப் பக்கத்தில் தொட்டில் கட்டி வளர்த்த பிள்ளை அவன். தாய் உதடு அசைந்தால் போதும், கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து ஓடி வருவான். அது எனக்கு எப்படித்தான் மறந்துபோனதோ. இப்போது அவன் உதடு சத்தமில்லாமல் அசைந்தது.

"சொல்லிராதீக அத்த."

"ஆமா. முருகன் பேரத்தான் சொன்னாக" என்றேன்.

அவன் கெட்டவன் இல்லை. பெற்றவளைச் சாகட்டும் என்று தூக்கி வந்துவிட்டான் என ஊர் பேசுமே என்று பயந்தானோ, அவனுக்கே விட மனம் வரவில்லையோ. இன்றும் எனக்கு மாத்திரை வாங்கிக்கொண்டு வருகிறான், சாப்பிட்டீர்களா என்று கேட்கிறான். என் முகத்தை மட்டும் பார்ப்பதில்லை.