பட்டினி எலிக்கு ஒரு வாய்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் அவருக்கு எலி மாமா என்று பெயர். இயக்குநர் முதல் கூட்டிப் பெருக்குகிறவர் வரை எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவோம். வெள்ளெலிகளுக்குத் தீனி வைப்பதும், தண்ணீர்ப் புட்டிகளை மாற்றுவதும், கூண்டில் புது மரத்தூள் பரப்புவதும் அவர் வேலை. மனிதருக்குக் கோபமே வராது. யாராவது சாப்பிடாமல் இருந்தால் மட்டும் பொறுக்காது. தன் டப்பாவைத் திறந்து பாதியைத் தள்ளிவிடுவார். வேண்டாம் என்று சொல்லித் தப்பித்தவர் எங்களில் யாருமில்லை.

எலிகளின் ரத்தத்தில் நாங்கள் ஏற்றியது தங்கம். கண்ணுக்கே தெரியாத துகள்கள், உடம்பு ஏற்றுக்கொள்வதற்காக மேலே மெல்லிய பூச்சு. தங்கம் ஓடும் ரத்தக்குழாய் ஸ்கேனில் வெள்ளையாகத் தெரியும். ஆஸ்பத்திரிகளில் இதற்காக இப்போது ஏற்றும் மருந்து பழுதான சிறுநீரகத்துக்கு ஆகாது. அதனாலேயே மாமாவின் மனைவிக்கு அதைப் போட மறுத்துவிட்டார்கள். இதயக் குழாயில் அடைப்பு எங்கே என்று பார்க்க வழியில்லை. "உங்க எலிங்க எனக்கு எப்பங்க வழி காட்டும்?" என்று அந்த அம்மா சிரித்துக்கொண்டே கேட்பாராம். மாமாவுக்குச் சிரிப்பு வராது.

ஸ்கேனுக்கு முந்தின நாள் மாலையே தீனியை எடுத்துவிட வேண்டும். அதிலிருக்கும் சுண்ணாம்புச் சத்தும் படத்தில் வெள்ளையாகத்தான் விழும். மாமாவுக்கு இது நன்றாகத் தெரியும். ஆனால் அன்று கிளம்பும்போது ஒரு எலி கம்பி இடுக்கில் மூக்கை நீட்டிக்கொண்டு நின்றது. மனசு கேட்கவில்லை. இரண்டு உருண்டை தீனியைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிட்டார்.

மறுநாள் படத்தில் அந்த எலியின் குடல் முழுக்க வெள்ளை. ஆய்வை நடத்தும் மேடத்துக்கு முகம் தொங்கிப்போனது. பூச்சு நிற்கவில்லை, தங்கம் குடலுக்குள் கசிகிறது என்று முடிவு கட்டினார். இந்தத் துகளையே கைவிட்டுவிடலாம் என்று பேச்சு எழுந்தது. மாமா புட்டிகளோடு வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டார். வேலை போய்விடும் என்ற பயத்தில் வாயே திறக்கவில்லை. எனக்கு இன்றும் ஆத்திரம் வருவது அந்த எலிக்குப் போட்ட தீனியை நினைத்தல்ல, அப்படி நின்றாரே, அதை நினைத்துத்தான்.

அன்று மாலை மனைவி மாடிப்படியில் பாதியிலேயே மூச்சு வாங்க உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் நின்ற மாமாவைக் குற்ற உணர்ச்சி பிடுங்கித் தின்றது. எலியின் வயிற்றைப் பார்க்கப்போய் இவள் வாயில் மண்ணைப் போட்டுவிட்டேனே என்று புழுங்கினார்.

காலையில் நேரே மேடத்திடம் போனார்.

"நான்தான் மேடம் தீனி போட்டேன். பாவமா இருந்துச்சு. உங்க தங்கத்து மேல தப்பில்ல."

திட்டு விழும் என்று தலை குனிந்து நின்றார். மேடத்துக்கோ போன உயிர் திரும்பி வந்தது.

"அப்ப இந்த எலிய விட்டுட்டு இன்னொரு எலியில செஞ்சு பார்த்தா போதும் மாமா. நீங்களே ஒண்ண எடுத்து வைங்க. சாயங்காலம் தீனி மட்டும் வேணாம்."

ஸ்கேனுக்குப் போன எலி திரும்பாது. படம் எடுத்ததும் ஈரலையும் சிறுநீரகத்தையும் அறுத்துப் பார்ப்போம். அது தெரிந்தேதான் மாமா பெரிய கூண்டைத் திறந்து கையை விட்டார். நாங்கள் கையை விட்டால் எலிகள் மூலைக்கு ஓடும். அவர் கையைப் பார்த்ததும் எல்லாம் முண்டியடித்து வந்தன. ஒன்று தானாகவே உள்ளங்கையில் ஏறி உட்கார்ந்து விரலை முகர்ந்தது.

அதையே எடுத்துத் தனிக் கூண்டில் விட்டார். சாயங்காலம் அதுவும் கம்பி இடுக்கில் மூக்கை நீட்டியது. மாமா விளக்கை அணைத்துவிட்டுக் கிளம்பினார். அன்று வீட்டில் அவரும் சாப்பிடவில்லை.