சாய்கோடு போட்ட பெயர்கள்

லுக்குட் என்ற சிற்றூரில் வீடு எடுத்த முதல் வாரம், பக்கத்து வீட்டு அம்மா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. பட்டினி கிடக்கிறவன் மாதிரியா தெரிகிறேன்? காலைச் சாப்பாட்டை இங்கே பசியாறுவது என்பார்கள் என்று புரிய இரண்டொரு நாளானது. அருப்புக்கோட்டையில் பிறந்து சென்னையில் வேலை பார்த்தவன் நான். தமிழ் பேசுகிற மக்களுக்கு நடுவில்தானே இருக்கப்போகிறோம் என்ற தைரியத்தில் மலேசியாவுக்கு வந்தேன். தெரிந்த சொற்கள்தான் முதலில் காலை வாரின.

சிரம்பானில் ஒரு சிறிய நிறுவனத்துக்கு வலைச் செயலிகள் எழுதுகிறேன். பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை. நாங்கள் பராமரிக்கும் செயலிகளில் ஒன்று, தோட்டங்களில் வாழும் சிறுநீரக நோயாளிகளை ரத்தச் சுத்திகரிப்புக்கு வேனில் அழைத்துப்போகும் ஒரு தன்னார்வக் குழுவினுடையது. சுவா, புக்கிட் பெலண்டோக் பக்கமெல்லாம் எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்களுக்குள் வீடுகள் தள்ளித் தள்ளி இருக்கும். ஓட்டுநர் கைபேசியில் ஒரு பெயரை அழுத்தினால், அவரை எங்கே ஏற்ற வேண்டும், எந்த எண்ணில் கூப்பிட வேண்டும் என்று வரும். எனக்கு முன்னால் யாரோ எழுதிவிட்டுப் போனது. ஒழுங்காக ஓடியதால் யாரும் உள்ளே கைவைக்கவில்லை.

ஒருநாள் காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது அந்தக் குழுவின் குணசேகரன் அண்ணன் கூப்பிட்டார். வழக்கமான ஓட்டுநர் விடுப்பில் போனதால் அன்றுதான் முதல்முறையாக வேனை எடுத்திருந்தார்.

"தம்பி, என்னா இது? சீனவங்க பேரு தொறக்குது, மலாய்க்காரங்க பேரு தொறக்குது. நம்ம ஆளுங்க பேர அமுக்குனா மட்டும் பக்கம் இல்லைன்னு வருது லா. யாரும் வேணும்னே செஞ்சிட்டாங்களா?"

அவர் குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் கூடுதலாகத் தெரிந்தது.

"அப்படியெல்லாம் இருக்காதுண்ணே. இப்ப யாரை ஏத்தணும்?"

"அஞ்சலைக்கா. காய்ச்சல்னு போன தடவையே போகல. இன்னிக்கும் விட்டா மூச்சு முட்டிரும்னு சொல்லி அனுப்புனாங்க. ரோடு பிரியிற சிம்பாங்ல நிக்கிறேன், எந்தப் பக்கம் திரும்புறதுன்னே தெரியல. ஆபீசும் இன்னும் தொறக்கல."

சென்னையில் ஒருமுறை நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த விற்பனைத் தளம் விழுந்தது. எதனால் விழுந்தது என்று ஆளாளுக்கு அரை நாள் ஆராய்ந்தோம். அதுவரை தளம் மூடியே கிடந்தது. அங்கே போனது சில புடவை விற்பனைகள். ஆனாலும் அன்றைக்கு ஒன்று மனதில் பதிந்தது: முதலில் நேற்றுவரை ஓடியதைத் திருப்பி வை, காரணத்தை அப்புறம் தேடு.

"பழசத் திருப்பிப் போடுறேண்ணே, கொஞ்சம் பொறுங்க."

"பழசா? ஐயோ வேணாம் தம்பி! அதுல செத்துப்போனவங்க பேரெல்லாம் இருக்கும்!"

அந்தப் பதற்றத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. நான் சொன்னது நேற்று மதியம் இருந்த நிலை என்று விளக்கிவிட்டு, உடன் வேலை பார்க்கும் மெய் லிங்கைக் கூப்பிட்டேன். பயணிகளின் சுருக்கப் பெயர்களை எடுத்துவிட்டு, அடையாள அட்டையில் உள்ளபடி முழுப்பெயர்களை முந்தின மாலை அவள்தான் ஏற்றியிருந்தாள். மாற்றுமுன் நகல் எடுத்து வைத்திருந்தாள், புண்ணியவதி. அதை ஏற்றினோம்.

"வந்திருச்சு தம்பி! வந்திருச்சு!" என்று குணசேகரன் அண்ணன் கத்தியது அடுத்த அறைவரை கேட்டிருக்கும்.

பிறகு உட்கார்ந்து தேடினேன். இந்த நாட்டுத் தமிழர்களின் அட்டையில் பெயருக்கும் தகப்பன் பெயருக்கும் நடுவே a/l என்றோ a/p என்றோ இருக்கும். மலாயில் மகன், மகள் என்று பொருள். மலாய்க்காரர் பெயரிலும் சீனர் பெயரிலும் அந்தச் சாய்கோடு கிடையாது. செயலியோ பெயரை அப்படியே இணைப்பு முகவரிக்குள் திணித்து அனுப்பிக்கொண்டிருந்தது. இணைய முகவரியில் சாய்கோடு வந்தால், அதற்குப் பிறகு வருவது வேறொரு அடுக்கு என்றுதான் சர்வர் எடுத்துக்கொள்ளும். மகளை ஓரிடத்திலும் அப்பாவை இன்னோரிடத்திலும் தேடிவிட்டு, யாருமே இல்லை என்று சொல்லியிருக்கிறது. வேண்டுமென்று யாரும் செய்யவில்லை. அதைக் குணசேகரன் அண்ணனுக்குச் செய்தியில் உறுதியாகச் சொல்ல முடிந்ததே பெரிய ஆறுதலாக இருந்தது.

பெயரில் சாய்கோடே ஏறாதபடி தடுத்துவிட்டால், a/l, a/p எல்லாம் போய் ஒரே வரியில் வேலை முடியும். அதைத்தான் தட்டச்சத் தொடங்கினேன். அப்போது வேனிலிருந்து அழைப்பு வந்தது. அஞ்சலை அக்காவே பேசினார். பின்னால் மற்ற பயணிகளின் பேச்சுச் சத்தம் கேட்டது.

"தம்பி, ஏறிட்டேன், நேரத்துக்குப் போயிருவோம். அப்பா பேரு போட்டதாலதான் இப்படி ஆச்சுன்னு குணா சொல்றாரு. அதுக்காக அத எடுத்துராதீங்க. ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டியே செத்தாரு. அவரு பேரு வேற எங்கயும் இல்ல தம்பி, என் ஐசி அட்டையில மட்டுந்தான் இருக்கு."

"எடுக்க மாட்டேன்க்கா" என்றேன். எழுதிய வரியை அழித்தேன்.

ஊரில் செயலி எழுதுகிற தம்பி தங்கைகளுக்கு இதைச் சொல்லத் தோன்றுகிறது. இணைப்பில் பெயரை அனுப்பாதீர்கள். ஆளுக்கோர் எண் கொடுத்து அதை அனுப்புங்கள். பெயர்ப் பெட்டியில் இந்த எழுத்து கூடாது, அந்தக் குறி கூடாது என்று விரட்டாதீர்கள். வந்ததை அப்படியே சேமித்து, திரையில் காட்டும்போது பாதுகாப்பாகக் காட்டினால் போதும். பக்கம் இல்லை என்று கைவிரிக்கும் இடத்தில் உதவிக்கு ஒரு தொலைபேசி எண்ணாவது இருக்கட்டும். சோதனைக்கு ஏபிசி என்று தட்டாமல், அந்த ஊரில் மனிதர்கள் எப்படிப் பெயர் வைத்திருக்கிறார்களோ அப்படிப் போட்டுப் பாருங்கள்.

மாலையில் எண் வழியாகப் போகும் புதிய இணைப்புகள் தயாராகிவிட்டன. சோதனைக்கு நீளமான, சாய்கோடு உள்ள பெயர்களாக யோசித்து எழுதினேன். கடைசியில் என் பெயர் நினைவுக்கு வந்தது. ஊரில் நான் மு. கதிரேசன், அப்பா ஒற்றை எழுத்தாக முன்னால் நிற்பார். கடவுச்சீட்டில் குடும்பப் பெயருக்கான இடத்தில் அவர் ஏறிக்கொண்டதால், இங்கே வங்கியில் என்னை மிஸ்டர் முருகையா என்று கூப்பிடுகிறார்கள். விமானத்தையே பார்த்திராத அவருக்காக நான் எழுந்து போகிறேன். 'கதிரேசன் a/l முருகையா' என்று எழுதிக்கொள்ள எனக்கு உரிமையில்லை. அது இந்த மண்ணில் பிறந்தவர்களுக்கு உரியது. ஆனாலும் 'மு. கதிரேசன்' என்பதை ஒரு வரியிலும் இதை அடுத்த வரியிலும் போட்டுச் சோதனையை ஓடவிட்டேன். இரண்டும் தேறிப் பச்சையாக எரிந்தன. ஒரே ஆள்தான் என்று செயலிக்குத் தெரியாது. இருவருக்கும் தனித்தனியாக எண் கொடுத்து, இருவரையும் உள்ளே விட்டிருந்தது.