பச்சைப் பெயின்டில் பத்து மூட்டை

மாதன் மாற்றிய கியர் ஒன்றுகூட இதுவரை உடைந்ததில்லை. இதை நான் எங்கே வேண்டுமானாலும் நின்று சொல்வேன். சின்னசேலம் ஸ்டேஷன் ரோட்டில் உதிரி பாகக் கடை வைத்திருக்கிறவன் நான். அவன் போடுகிற கியர் செட்டெல்லாம் என் கடையிலிருந்துதான் போகிறது. அப்படியிருந்தும் போன தை மாதம் நானே அவன் வேலையைப் பற்றித் தப்பாகப் பேசினேன். என் மேல் எனக்கிருக்கிற கோபம் இன்னும் அடங்கவில்லை.

மாதன் கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்குப் பக்கத்தில் பிறந்தவன். பதினாலு வருஷம் கள்ளக்குறிச்சியில் ஷெட் ஷெட்டாக வேலை பார்த்தான். அங்கே ஒருத்தரும் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ஏய் மலைக்காரா, அந்த ஸ்பானரை எட்றா" என்பார்கள். வண்டிக்கு அடியில் படுத்து எண்ணெயில் குளிப்பவன் அவன், பாராட்டை வாங்கிக்கொள்வது வேறொருத்தன். பொறுத்துப் பார்த்துவிட்டு மலைக்கே திரும்பி, தார் ரோட்டோரம் நாலு தகரத்தை வைத்துச் சொந்த ஷெட் போட்டான்.

மலையில் ஓடுவது பெரும்பாலும் சின்ன ஜீப்புகள். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியில் கியர் பெட்டிக்குப் பின்னால் இன்னொரு சின்னப் பெட்டி தொங்கும். டிரான்ஸ்பர் கேஸ் என்று பேர். இஞ்சினின் பலத்தை முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுப்பது அதுதான். கம்பெனி கியரோடு பள்ளத்தில் இருக்கிற ஓடைக்காட்டிலிருந்து மூட்டை ஏற்றி வந்தால் கிளட்ச் கருகி நாறும். மாதன் அந்தச் சின்னப் பெட்டிக்குள் வேறு பல் கணக்கில் கியர் போடுவான். வண்டி ஆள் நடக்கிற வேகத்தில், திணறாமல் ஏறும். தார் ரோட்டில் வேகம் கம்மியாகும், இஞ்சின் கத்தும். அதையும் முன்னாடியே சொல்லிவிடுவான்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. இழுவை கூடினால் கியர் தாங்கும், ஆனால் பெட்டியைத் தொங்கவிட்டிருக்கிற பிடிமானம் முறுக்கிக்கொண்டு கிழியும். அதற்காக மாதன் கூடுதலாக ஓர் இரும்புப் பட்டை வைப்பான். பட்டைக்கும் ஓர் அளவு உண்டு இல்லையா? ஆகவே டிரைவரின் கண்ணெதிரே, டேஷ்போர்டில், பச்சைப் பெயின்டில் 'பத்து மூட்டை' என்று எழுதுவான். எழுத விடாதவர்களுக்குக் கியர் மாற்றித் தரமாட்டான். கழற்றிய பழைய கியரைத் துணியில் சுற்றி, வண்டிக்காரர் பேரை எழுதிப் பரணில் வைப்பான். கேட்டால் எப்போது வேண்டுமானாலும் திரும்ப மாட்டிக் கொடுப்பான்.

நைனார்பாளையம் பிரவீன்குமார் மலையில் மரவள்ளிக்கிழங்கு வாங்கி ஜவ்வரிசி ஆலைக்கு அனுப்புகிறவன். லாரி தார் ரோட்டிலேயே நின்றுவிடும். அதுவரை ஓடைக்காட்டிலிருந்து மூட்டையை ஏற்றி வருவது மாதன் கியர் மாற்றிக் கொடுத்த அவனுடைய சின்ன ஜீப். ஓட்டுவது முருகவேல். தை மாதம் ஒரு மத்தியானம் அந்த ஜீப் ஏற்றத்தின் பாதியில் இழுவை அற்று, பின்னாலேயே உருண்டு கவிழ்ந்தது. முருகவேலின் வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது.

பிரவீன்குமார் ஆஸ்பத்திரிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நேராக என் கடைக்கு வந்தான்.

"உங்க கியர்மேல தப்பு இல்லண்ணா. அந்த மலைக்காரன் மாட்டின லட்சணம், உள்ள எல்லாம் தூள்தூளா போயிடுச்சி. அவன் ஷெட்டை மூட வெச்சிட்டுதான் எனக்கு மறுவேலை."

என் கடைப் பேர் தப்பியது என்றதும் எனக்கு நிம்மதி. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நிம்மதிதான். அடுத்து வந்த இரண்டு ஜீப் டிரைவர்களிடம், "கொஞ்ச நாளிக்கு மாதன்கிட்ட போவாதீங்கப்பா" என்றேன். பெட்டியைத் திறந்து பார்த்தாயா என்று பிரவீன்குமாரை ஒரு வார்த்தை கேட்க எனக்குத் தோன்றவில்லை. த்தூ!

மூன்றாம் நாள் மாதன் ஷெட்டில் ஒரு வண்டியும் இல்லை. எனக்குப் போன் செய்தான். "ண்ணா, அந்த ஜீப்பை என் ஷெட்டுக்கே இழுத்தாரச் சொல்லிட்டேன். எல்லார் எதுருலயும் பெட்டியத் தொறக்கப்போறேன். ஒரு பல்லு ஒடஞ்சிருந்தாலும் நானே தகரத்தைப் பிரிச்சிட்டுப் போயிடறேன். நீங்களும் வந்துடுங்க."

போனேன். மலை டிரைவர்கள் அத்தனை பேரும் சுற்றி நின்றிருந்தார்கள். பிரவீன்குமாரும் வந்திருந்தான். ஜீப்பின் டேஷ்போர்டில் பச்சை எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் பளபளவென்று கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது.

மாதன் பெட்டியைத் திறந்தான். ஒவ்வொரு கியராக எடுத்து, மண்ணெண்ணெயில் கழுவி, நின்றவர்கள் கையில் கொடுத்தான். ஒரு பல்கூட சிதறவில்லை. பிறகு பெட்டியைத் தாங்கிய பிடிமானத்தைக் காட்டினான். இரண்டு இடத்தில் கிழிந்திருந்தது. இரும்புப் பட்டை வளைந்து கிடந்தது.

"பெட்டியே திரும்பிக்கினு சக்கரத்துக்குப் போற தண்டு கழண்டிருக்குது. பத்து மூட்டைக்கு இது ஆவாது" என்றான்.

"பத்துதான்டா ஏத்துனோம்!" என்று பிரவீன்குமார் கத்தினான். மாதனைவிடப் பன்னிரண்டு வயது சின்னவன், வாயில் 'டா' எப்படி வருகிறது பாருங்கள்! "உன் பட்டைதானே வளைஞ்சிது? அப்போ உன் வேலைதான் சரியில்ல."

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து தைலம்மாள் முன்னே வந்தாள். முருகவேலின் பெண்சாதி. பிரவீன்குமாரிடமே மூட்டை ஏற்றுகிறவள்.

"இன்னாது, பத்தா? இருவத்திரெண்டு மூட்டைங்க. நான்தான் தூக்கிக் குடுத்தேன். எங்க வூட்டுக்காரரு வேணாம் வேணாம்னு கத்திக்கினே இருந்தாரு. 'இழுக்குது இல்ல, ஏத்து ஏத்து'ன்னு நீங்கதான நின்னுக்கினு ஏத்த வெச்சீங்க?"

"நாளையிலேர்ந்து நீ வேலைக்கு வராத."

"வரலங்க" என்றாள். ஜீப்புக்குள் கையை நீட்டி அந்த ஸ்டிக்கரை ஒரே இழுப்பில் உரித்தாள். பத்து மூட்டை என்ற எழுத்து பச்சையாக வெளியே தெரிந்தது.

மனுஷனாக இருந்தால் அத்தோடு வாயடைத்துப் போயிருப்பான். அவன் என்ன சொன்னான் தெரியுமா? "சரி வுடு, ஆனது ஆயிடுச்சி. இருவத்திரெண்டு தாங்கற மாதிரி கெட்டியா ஒண்ணு போட்டுக் குடு."

எனக்கு ரத்தம் கொதித்தது.  மாதன் பரணில் ஏறி, பிரவீன்குமார் பேர் எழுதிய துணி மூட்டையை எடுத்து வந்தான். பிடிமானத்தை வெல்டு வைத்து, கம்பெனியின் பழைய கியரையே உட்கார்ந்து மாட்டினான். சாயங்காலமாகிவிட்டது.

"இன்னாடா பண்ற நீ?" என்றான் பிரவீன்குமார்.

"உங்க பழைய கியருங்க. இனிமே அஞ்சு மூட்டைக்கு மேல ஏத்தினீங்கன்னா மேட்டுக்கு அடியிலயே நின்னுடும். யாரு காலும் போவாது."

பிறகு கழற்றிய கியர் செட்டைத் துடைத்து என் கையில் வைத்தான். "இது உங்க கடை சரக்குண்ணா. ஒரு பல்லுகூட போவல, நல்லா பாத்துக்குங்க. என்கிட்ட போவாதீங்கன்னு சொன்னீங்களாமே."

அத்தனை டிரைவர்களுக்கும் கேட்கிற மாதிரி, பார்க்காமல் பேசியது என் தப்பு என்று சொன்னேன். மாதன் திரும்பிப் பார்க்கவில்லை. வந்திருந்த டிரைவர் ஒருத்தரின் ஜீப்புக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டான்.